மல்லர் திலகம் ஃபுத்தபயாமா

யப்பானிய சுமோ மற்போரில் ஒப்பாரின்றி விளங்கிய ஃபுத்தபயாமா சதாஜியின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்கின்றோம். 1912ஆம் ஆண்டு ஒயிட்டா மாகாணத்திற் பிறந்த இவர், இளமையிலேயே வலக்கண் பார்வையை இழந்தார். களத்தில் நின்ற காலமெல்லாம் அக்குறையை மறைத்து, எதிரியின் பாய்ச்சலை ஏற்றுத் திருப்பும் முறையிலே தேர்ச்சியெய்தினார். 1936 முதல் 1939 வரை தொடர்ந்து 69 போர்களில் வென்றார். இடையே, 1937இல், யொக்கொசுனா என்னும் அதியுயர் பதம் பெற்றார். 1939 சனவரியில் அக்கினோவுமி என்னும் இளமல்லர் இவரை வீழ்த்தினார். மக்கள் திகைத்து ஆரவாரிக்க, இவரோ வழமைபோல் தலைவணங்கி அமைதியாக அகன்றார். பின்னரும் வாகை சூடி, மொத்தம் 12 பட்டங்களுடன் 1945இல் ஓய்வுபெற்றார். 1957இல் சுமோ சங்கத் தலைவராகி, 1968இல் மறைந்தார். அவ்வெற்றித் தொடரை இன்றுவரை எவரும் விஞ்சவில்லை. எனினும், தோற்ற அன்று அவர் வணங்கிய வணக்கத்தையே நாம் பெரிதெனப் போற்றுகின்றோம். விளையாட்டுக்களம் புகும் எம் மாணவர் அப்பண்பினைக் கைக்கொள்வாராக.