குதிரை ரேஸை கணக்குப் போட்டே ஜெயித்த வாத்தியார்!
சுரங்கத் தொழிலாளி மகன் பில் புல்லின் கதை

மயிலாடி,

உளிச் சத்தம் ஓயாத ஊர் மயிலாடி. இங்குள்ள ஒரு பட்டறையில் சென்ற வாரம் கல் குதிரை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. சாஸ்தா கோவிலுக்குப் போகிற குதிரை. முன்னங்காலைத் தூக்கி நிற்கும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் ஒரு பாட்டா. வாலிப வயதில் மெட்ராசில் ஓட்டல் கணக்குப்பிள்ளையாக இருந்தவராம். சம்பளம் வாங்கிய கையோடு கிண்டிக்கு ரயில் ஏறுவாராம். திரும்பி வரும்போது டீ குடிக்கவும் சில்லரை இருக்காதாம். குதிரையை நம்பினவன் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை என்பது பாட்டாவின் கட்சி.

சரித்திரம் இருக்கிறது. ஒரே ஒரு ஆளாவது உருப்பட்டிருக்கிறார். அவர் பெயர் பில் புல். இங்கிலாந்துக்காரர். 1943-ம் ஆண்டு முதல் 1974 வரை அவர் குதிரை மேல் கட்டிய கணக்கையெல்லாம் பைசா விடாமல் எழுதி வைத்தார். செலவு போக நின்ற லாபம் ஏறத்தாழ 3 லட்சம் பவுன். (நகைக்கடை பவுன் அல்ல, இங்கிலாந்துப் பணம். அந்தக் காலத்தில் அது ராஜா சொத்து!)

டிப்ஸ் கேட்டு ஜெயித்தாரா? ஜாக்கியைக் கையில் போட்டாரா? இல்லை. பேப்பரும் பென்சிலும் வைத்து ஜெயித்தார்.

கரி ஊரில் பிறந்தவர்

பில் புல் 1910-ல் யார்க்ஷயர் மாகாணத்தில் ஹெம்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கம் நிறைந்த பகுதி. தகப்பனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் ஆனார். தாயார் பள்ளிக்கூட டீச்சர். பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1931-ல் பட்டம் வாங்கினார். லண்டனுக்குப் போய் கணக்கு வாத்தியார் ஆனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நமக்கு வேலை இல்லை. வாத்தியாருக்குக் குதிரை மேல் ஒரு கண். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரேஸ் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். எந்தக் குதிரை ஜெயித்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். எத்தனை நிமிஷம், எத்தனை செகண்டில் ஓடியது என்பதை இவர் பார்த்தார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நேரத்துக்கு மதிப்பே கிடையாது. அங்குள்ள மைதானங்கள் ஒன்றுபோல் இராது. ஒன்று மேடு, ஒன்று பள்ளம், ஒன்று வளைவு. ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில். இதில் நேரத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று பெரிய பெரிய துரைமார்கள் தள்ளிவிட்டார்கள்.

வாத்தியார் தள்ளவில்லை. ஒவ்வொரு மைதானத்திலும் ஒவ்வொரு தூரத்துக்கும் நல்ல குதிரை எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் இவ்வளவு என்று முதலில் ஒரு அளவு வகுத்தார். பிறகு ஒரு நாள் நடந்த எல்லா ரேஸையும் அந்த அளவோடு ஒப்பிட்டார். அன்று எல்லா ரேஸும் மெதுவாக நடந்திருந்தால் தரை ஈரம் என்று அர்த்தம். அந்த ஈரத்திலும் ஒரு குதிரை மட்டும் வேகமாக வந்திருந்தால்? அதுதான் சரக்குள்ள குதிரை. எவனோ காதில் ஓதிய டிப்ஸ் அல்ல, கடிகாரம் சொன்ன சாட்சி. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற என்னைப் போன்ற நிருபர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

இந்தக் கணக்கை வில்லியம் டெம்பிள் என்ற புனைபெயரில் தபால் மூலம் விற்க ஆரம்பித்தார். சந்தா சேர்ந்தது. பிற்பாடு வாத்தியார் வேலையை விட்டார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். 1942-ம் வருடத்தின் சிறந்த குதிரைகள் என்று ஒரு புத்தகம் போட்டார்.

எடை என்ற சூட்சுமம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பில் புல்லுக்கு முன்பே குதிரைக்குக் கணக்குப் போட்ட ஒரு கப்பல்படைக்காரர் உண்டு. அட்மிரல் ரௌஸ். 1835-ல் இவர் கேப்டனாக இருந்த பீக் என்ற கப்பல் கனடா பக்கம் பாறையில் மோதியது. சுக்கான் போய்விட்டது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. அப்படியே 1,500 மைல் ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தார் மனுஷன். கடலைவிட்டு வந்தபின் முழு நேரமும் குதிரைதான். 1855-ல் பந்தயக் குதிரைகளுக்கு எடை நிர்ணயிக்கும் பொது அதிகாரி ஆனார். 1877-ல் இறக்கும் வரை அதே வேலை. இத்தனை வயதுக் குதிரைக்கு, இந்த மாதத்தில், இந்த தூரத்துக்கு இவ்வளவு எடை என்று அவர் போட்ட அட்டவணையின் வழியில்தான் உலகம் முழுவதும் ரேஸ் நடக்கிறது.

எடை எதற்கு? நல்ல குதிரையும் சுமாரான குதிரையும் ஓடினால் நல்லது ஜெயித்துவிடும். பார்க்க ஆள் வராது. ஆகவே நல்ல குதிரையின் சேணத்தில் ஈயத்தகடு வைத்துப் பாரம் ஏற்றுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவிலும் இதுவே முறை. ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் என்று ஒரு நம்பர் உண்டு. ரேட்டிங்கில் ஒரு புள்ளி கூடினால் முதுகில் அரைக் கிலோ கூடும். ஜெயித்தால் நம்பர் ஏறும், தோற்றுக்கொண்டே வந்தால் இறங்கும்.

இதில் கணக்கு எப்படி என்றால், ஒரு மைல் ரேஸில் ஒரு குதிரை நீளம் என்பது சுமார் ஒரு கிலோவுக்குச் சமம். இரண்டு குதிரைகளும் 55 கிலோ சுமந்து ஓடியதில் முதல் குதிரை இரண்டு நீளத்தில் ஜெயித்தது என்று வையுங்கள். அடுத்த ரேஸில் அதற்கு 58 கிலோ, தோற்ற குதிரைக்கு அதே 55. கூட்டம் போனமுறை ஜெயித்த குதிரை மேல்தான் கட்டும். ஆனால் கணக்குப்படி அது இரண்டு கிலோ உயர்ந்தது, மூன்று கிலோ கூடச் சுமக்கிறது. தோற்றதுதான் இப்போது ஒரு கிலோ மேலே நிற்கிறது!

இந்த மாதிரி எடைக் கணக்கில் கெட்டிக்காரர் டிக் விட்ஃபோர்டு என்பவர். பில் புல் அவரைச் சேர்த்துக்கொண்டார். இவருடைய நேரக் கணக்கும் அவருடைய ஃபார்ம் கணக்கும் சேர்ந்து 1948-ல் பிறந்ததுதான் டைம்ஃபார்ம். யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் ஆபீஸ். வாராவாரம் கறுப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் வரும். நாட்டில் ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நம்பரும் ஒரு குறிப்பும் அதில் இருக்கும். திறமை இருந்தும் மனசு வைத்து ஓடாத குதிரையின் நம்பர் பக்கத்தில் சுழி மாதிரி ஒரு அடையாளம் போடுவார்கள். நம்ம பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் தோலில் சுழி பார்ப்பார்கள், அவர் பேப்பரில் சுழி போட்டார்!

சுழி என்றதும் நளன் ஞாபகம் வருகிறது. நாட்டையும் துணிமணியையும் சூதில் தோற்றவன், பிறகு இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகப் போய்ச் சேர்ந்தான். அவசரமாக விதர்ப்ப நாட்டுக்குப் போக வேண்டும் என்றதும் லாயத்தில் கிடந்த மெலிந்த குதிரைகளைத்தான் நளன் பிடித்துவந்தான். ராஜாவுக்கே சந்தேகம். ஆனால் சுழியும் லட்சணமும் பார்த்து எடுத்த குதிரைகள் அவை. பறந்தன. வழியில் ராஜா தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொன்னான். குதிரை வித்தையை இவன் கொடுத்து, எண்ணும் வித்தையை அவனிடம் வாங்கிக்கொண்டான் நளன். பில் புல்லிடம் இரண்டு வித்தையும் ஒரே தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

விலை சரியில்லையா, கட்டாதே

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ஜெயிக்கிற குதிரையைக் கண்டுபிடித்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாட்டா மாதிரி ஆட்கள் கவிழ்ந்ததே இங்கேதான்.

பில் புல் பார்த்தது விலையை. நாலு தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும் என்று ஒரு குதிரையை மதிப்புப் போடுகிறீர்கள். புக்கி ஒன்றுக்கு ஐந்து தருகிறான். நாலு தடவையும் நூறு நூறு கட்டினால், மூன்று தடவையில் 300 போகும், ஒரு தடவையில் 500 வரும். கட்டலாம். அதே குதிரைக்கு ஒன்றுக்கு இரண்டுதான் தருகிறான் என்றால்? 300 போகும், 200 வரும். குதிரை அன்று ஜெயித்தாலும் அது மோசமான வியாபாரமே. தோவாளை பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் பிச்சிப்பூ எடுக்கிற வியாபாரிக்கு இதை விளக்கவே தேவையில்லை. பூ நல்ல பூதான், இந்த விலைக்கு வேண்டாம் என்று கூடையைத் தள்ளிவிட்டு நடப்பார்.

கூட்டத்துக்கு அந்த நடை வராது. போன ரேஸில் விட்டதை இந்த ரேஸில் பிடிக்க வேண்டும். அதனால் கடைசி ரேஸில்தான் கடைசிப் பணமும் போகும்.

கணக்கு தோற்ற இடமும் உண்டு. 1962-ம் வருட இங்கிலீஷ் டெர்பியில் எல்லாருடைய பணமும் ஹெத்தர்செட் என்ற குதிரை மேல் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நெரிசலில் ஏழு குதிரைகள் உருண்டு விழுந்தன. ஹெத்தர்செட்டும் விழுந்தது. ஒரு குதிரை செத்தது. ஒன்றுக்கு 22 விலையில் கிடந்த லார்க்ஸ்பர் ஜெயித்துவிட்டது. எந்தப் புத்தகத்தில் இதற்கு நம்பர் போட முடியும்?

அதே வருடம் பில் புல்லின் சொந்தக் குதிரை சொஸ்டெனூட்டோ, யார்க் நகரில் பெயர்பெற்ற ஈபோர் பந்தயத்தை ஜெயித்தது. ஆம், அவர் பண்ணை வைத்துக் குதிரையும் வளர்த்தார். தாடியும் சுருட்டுமாகத் திரிந்த அவர், பிரபுக்கள் கையில் இருந்த ரேஸ் நிர்வாகத்தோடு கடைசிவரை மல்லுக்கு நின்றார். நேரத்தை மிஷின் வைத்து எடுங்கள், முடிவை போட்டோ பிடியுங்கள், பணம் கட்டுகிறவனுக்கு உண்மை தெரியட்டும் என்பதுதான் சண்டை. டான்காஸ்டரில் 1961-ல் அவர் யோசனையில் ஆரம்பித்த இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் வேறு பெயரில் நிலைத்துவிட்டது. பில் புல் 1989 ஜூனில் தம் 79-வது வயதில் இறந்தார். அவர் வைத்த நம்பர் முறை மட்டும் சாகவில்லை. 1965-ல் சீ பேர்ட் என்ற குதிரைக்குக் கொடுத்த 145-ஐ மிஞ்ச ஆள் இல்லாமல் இருந்தது. 2012-ல் பிராங்கல் என்ற குதிரை 147 வாங்கியது.

கிண்டி வழக்கு

நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம். ரேஸ் என்பது சூதாட்டம், குடும்பங்கள் அழிகின்றன என்று 1974-ல் கருணாநிதி ஆட்சியில் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996 ஜனவரி 12-ல் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி, எடை, தூரம், பழைய ஓட்டம் எல்லாவற்றையும் ஆராய்ந்து சொல்ல வேண்டிய விஷயம் இது, பெரும்பாலும் திறமைதான், அதிர்ஷ்டம் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். பில் புல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய மாதிரியே இருக்கிறது!

லாட்டரி சீட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. ஆனால் கேரளா சீட்டைத் தேடி எல்லை தாண்டுகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். கனவில் வந்த நம்பர், பஸ் டிக்கெட்டில் இருந்த நம்பர் என்று வாங்குகிறார்கள். அதில் ஆராய என்ன இருக்கிறது? குலுக்குகிற சக்கரத்துக்கு வம்சமும் கிடையாது, எடையும் கிடையாது.

ஆனால் கோர்ட்டு சொன்ன திறமையை வைத்துக்கொண்டு இப்போது பிழைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. 2023 அக்டோபர் முதல், ரேஸில் கட்டுகிற பணம் முழுவதன் மேலும் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்றாகிவிட்டது. 2025 செப்டம்பரில் அதுவே 40 சதவீதம் ஆனது. மூளையைக் கசக்கிப் பத்து சதவீதம் லாபம் கண்டாலே பெரிய விஷயம் என்கிற தொழிலில், வாசலிலேயே இவ்வளவு போனால் பில் புல் எழுந்து வந்தாலும் திரும்பிப் போய்விடுவார். கிண்டியில் 160 ஏக்கர் மைதானத்தின் குத்தகையையும் வாடகை பாக்கிக்காக ரத்து செய்து 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது.

பட்டறையில் சிற்பி ஒருவர் கல் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டே, உள்ளே விரிசல் உண்டா, சிலைக்குத் தாங்குமா என்று சொல்லிவிடுவார்கள். நான் பாட்டாவிடம் பில் புல் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். அந்த ஆள் ஒரு நாளைக்கு எத்தனை ரேஸில் கட்டுவார் என்று. விலை சரியில்லை என்றால் ஒன்றில்கூடக் கட்டக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு என்றேன். பாட்டா கொஞ்ச நேரம் கல் குதிரையையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.