ஃபிராங்க் ராம்சேயும் கோட்டுருவியலும்: ஆய்வளவும் ஆய்வுத் தாக்கமும்

ஆய்வாளரின் தகுதியைக் கட்டுரை எண்ணிக்கை கொண்டும் அவை மேற்கோளாகச் சுட்டப்பெறும் அளவு கொண்டும் மதிப்பிடுதல் இன்றைய வழக்கம். அவ்வழக்கின் எல்லையை உணர்த்துவது ஃபிராங்க் ராம்சேயின் (1903-1930) வாழ்வு.

கேம்பிரிட்ஜில் பிறந்து, அங்கேயே பயின்ற இவர், 1924இல் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் 1926இல் பல்கலைக்கழகக் கணித விரிவுரையாளராகவும் ஆனார். தருக்கம், மெய்யியல், பொருளியல் ஆகியவற்றில் இவர் எழுதியன சிலவே. கோட்டுருவியலுக்கெனத் தனிக்கட்டுரை எதுவும் இவர் எழுதவில்லை. முறைசார் தருக்கத்தின் சிக்கலொன்றைத் தீர்க்கும் கட்டுரையில் துணைக்கருவியாக ஒரு தேற்றத்தை நிறுவினார். அறுவர் கூடிய அவையில் ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, அறியாத மூவரோ இருந்தே தீர்வர் என்பது அதன் எளிய வடிவம். போதிய அளவு பெரிதான அமைப்பில் ஒழுங்கு தவிர்க்கவியலாதது என்பது அதன் சாரம்.

அக்கட்டுரை லண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த 1930ஆம் ஆண்டிலேயே, சனவரி 19 அன்று, தம் 26ஆம் அகவையில் ராம்சே மறைந்தார். 1935இல் குவிவுப் பல்கோணம் பற்றி ஆராய்ந்த அங்கேரியக் கணிதவியலாளர் எர்டிஷ், செக்கரெஷ் இருவரும் அத்தேற்றத்தைத் தாமே மீளக் கண்டு, சேர்மானவியலின் மையத்திற்குக் கொணர்ந்தனர். மூவருக்கு 6 என அமைந்த எண், நால்வருக்கு 18 என 1955இல் நிறுவப்பெற்றது. ஐவருக்குரிய எண் இன்றும் அறியப்படவில்லை.

இன்று 'ராம்சே கோட்பாடு' ஒரு தனித்துறை. அதில் உழைப்போர் பலர் மூலக்கட்டுரையைச் சுட்டாமலே அவர் பெயரை ஆள்கின்றனர். துறைப்பெயராகவே நிலைத்துவிட்ட ஒருவரின் தாக்கம் மேற்கோள் கணக்கில் முழுமையாகப் பதிவாவதில்லை.