பரங்கிப்பேட்டை இரும்புலை

நுழையும்முன்

வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்து பழகும்போது, இடப்பக்கத்து அணு ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தில் கணக்குக் காட்டுகிறோம். அக்கணக்கு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு மனிதரின் உழைப்பையும் இழப்பையும் முடிவுசெய்ததைக் கடலூர் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றின் வரலாறு காட்டுகிறது.

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த துறைமுக ஊர் பரங்கிப்பேட்டை. 1830ஆம் ஆண்டில் அங்கு ஓர் இரும்பாலை எழுந்தது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பேரளவில் இரும்பு உருக்க எடுக்கப்பட்ட தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. அதை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்தவர் ஹீத். சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள் எஃகு ஆக்கும் முறையை அவர் கூர்ந்து நோக்கினார். அவர்கள் சிறு மண் மூசையில் இரும்புத் துண்டுகளையும் ஆவாரங்குச்சிகளையும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பர். உள்ளேயே கரியான குச்சியின் கார்பன் இரும்பில் ஏற, அது எஃகாகும். இக்கைத்திறன் கண்டு வியந்த ஹீத், பணியைத் துறந்து இரும்புத் தொழிலில் இறங்கினார்.

சேலத்துக் காந்தக்கல் தாது, பரிசல்களில் ஆற்றுவழியாகக் கொணரப்பட்டது. உலையில் நிகழ்ந்த வினையை இன்றைய மாணவர் எளிதில் சமன்செய்வர். தாதுவின் ஒரு மூலக்கூறில் மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் அந்த ஆக்சிசனைக் கவர்ந்து நான்கு கார்பன் டையாக்சைடு மூலக்கூறுகளாக, மூன்று இரும்பு அணுக்கள் விடுபடும். இக்கணக்கின்படி 168 கிலோ இரும்புக்கு 48 கிலோ கார்பன் போதும்.

ஆயினும் உலைக்கு வெப்பமும் வேண்டும். அவ்வெப்பத்தைத் தந்ததும் மரக்கரியே. எனவே, உண்மையில் எரிந்த கரி கணக்கிட்டதைப் போலப் பன்மடங்காயிற்று. அண்மைக் காடுகள் அழிய, தொலைவிலிருந்து கரி கொணரும் செலவு பெருகியது. இரும்பு தரமாக இருந்தது, இங்கிலாந்துக்கும் சென்றது. ஆனால் ஆலையின் வரவும் செலவும் சமனாகவில்லை.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839இல் புதிய முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எஃகை உருக்கும்போது மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு இடுவதே அம்முறை. எஃகிலுள்ள ஆக்சிசனையும் கந்தகத்தையும் மாங்கனீசு பற்றிக்கொள்வதால், சம்மட்டி அடியில் எஃகு வெடிப்பதில்லை. விலைமிகுந்த சுவீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெபீல்டு நகருக்கு இது பெருவரமாயிற்று.

அங்குதான் இடர் விளைந்தது. அந்தப் பொருளைத் தனியே ஆக்கி இடுவதற்குப் பெருஞ்செலவாகும். மலிவான மாங்கனீசு டையாக்சைடையும் கரியையும் நேராக மூசையில் இட்டாலே போதும் என்பது விரைவில் தெரிந்தது. டையாக்சைடின் ஒரு மூலக்கூறோடு இரண்டு கார்பன் அணுக்கள் வினைபுரிந்தால், ஒரு மாங்கனீசு அணுவும் இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளும் கிடைக்கும். எஞ்சிய கரி மாங்கனீசோடு கூடி, ஹீத் குறித்த பொருளையே தரும். இவ்வழியை முதலில் எடுத்துரைத்தவரும் ஹீத்தே என்பர். எனினும் அவருடைய காப்புரிமை ஆவணத்தில் அது இடம்பெறவில்லை. விளைபொருளை எழுதியவர், அதைத் தரும் வினைபடுபொருள்களை எழுதாமல் விட்டார்.

அவருடைய முகவராக இருந்த அன்வின், உரிமைத்தொகை தராமலே அவ்வழியைப் பின்பற்றினார், பிறரும் தொடர்ந்தனர். மூசைக்குள் தானே உருவாகும் பொருளுக்குக் காப்புரிமை செல்லுமா என்னும் வினா, நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடப்பட்டது. 1851இல் ஹீத் வறுமையில் மறைந்தார். 1855இல் பிரபுக்கள் அவை அளித்த இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது.

வினைபடுபொருள்களை மூசைக்குள்ளேயே சேரவிடும் முறையை, சேலத்துக் கொல்லரிடம் ஹீத் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். பரங்கிப்பேட்டை உலைகளும் பின்னர் அணைந்தன. அவர் கண்ட மாங்கனீசின் பயனோ நிலைத்தது. இன்றும் எஃகு ஆலைகள் உருகிய எஃகில் மாங்கனீசைச் சேர்க்கின்றன.