துரோகி என்று பெயர் வாங்கிய ஊர்ப் பையன்

1868-ம் ஆண்டு. ஜப்பானில் உள்நாட்டுப் போர். சக்கரவர்த்தியின் பெயரால் வந்த பெரும் படை, 'ஐசு' என்ற சிற்றரசின் கோட்டையைச் சுற்றி வளைத்தது. ஒரு மாதம் முற்றுகை. கோட்டைக்குள் குண்டுகள் வந்து விழுந்தபடியே இருந்தன.

உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். விழுந்த குண்டு வெடிப்பதற்குள் ஈர மெத்தையைப் போட்டு அமுக்குவது பெண்களின் வேலை! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்த குடும்பங்களில் ஒன்று, யமகாவா குடும்பம். தகப்பன் இல்லாத அந்த வீட்டுப் பையன் கெஞ்சிரோவுக்கு அப்போது வயது 14.

ஐசுவில் 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்து 'வெள்ளைப் புலிப் படை' அமைத்திருந்தார்கள். கெஞ்சிரோவும் முதலில் அதில் சேர்க்கப்பட்டான். வயது போதாது என்று பிறகு விலக்கிவிட்டார்கள். அதுவே அவன் உயிரைக் காத்தது எனலாம். அந்தப் படையைச் சேர்ந்த 20 பேர் ஒரு குன்றின் மேல் நின்று பார்த்தார்கள். தூரத்தில் ஒரே புகை. கோட்டை எரிந்துவிட்டது என்று எண்ணித் தங்கள் கத்தியாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒருவன்தான் பிழைத்தான். உண்மையில் கோட்டை அப்போது விழவில்லை. எரிந்தது ஊர்!

கடைசியில் கோட்டையும் சரண் அடைந்தது. ஐசு மக்கள் துரோகிகள் என்று பெயர் வாங்கினார்கள். வீரர் குடும்பங்கள் பல, வடகோடியில் ஒரு குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டுப் பட்டினி கிடந்தன.

எதிரி வீட்டில் படிப்பு

ஒரு புத்த பிக்கு கெஞ்சிரோவை ஊரைவிட்டுத் தப்ப வைத்தார். கொண்டுபோய் யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? எதிரிப் படையைச் சேர்ந்த ஒகுதைரா என்பவரிடம்! நேற்றுவரை சண்டை போட்டவர், இந்தப் பையனைப் படிக்க வைத்தார்.

புதிய அரசாங்கம் 1871-ல் கெஞ்சிரோவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கப்பலில் மேல்நாட்டுச் சாப்பாட்டின் வாடையே அவருக்கு ஆகவில்லை. சோறும் கறியும் கிடைத்ததாம். குழம்பை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றார் என்பார்கள். (அந்தக் கறிச் சோறு பிறகு ஜப்பானியருக்கு உயிராகிவிட்டது. பெயரும் நம்முடைய 'கறி'தான்!)

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பாதியில் அரசாங்கப் பணம் நின்றது. நண்பர் ஒருவரின் உறவினரான பணக்கார அம்மாள் உதவ முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. படிப்பு முடிந்ததும் தாய்நாட்டுக்கு உழைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்! கெஞ்சிரோ எழுதிக் கொடுத்தார். 1875-ல் பட்டத்துடன் ஊர் திரும்பினார்.

அவர் தங்கையும் 11 வயதில் அமெரிக்கா சென்று படித்தவள். திரும்பி வந்து 1883-ல் ஒயாமா என்ற தளபதியை மணந்தாள். ஐசு கோட்டையைத் தாக்க வந்த பீரங்கிப் படை அதிகாரிகளில் அவரும் ஒருவர்! வீட்டார் முதலில் சம்மதிக்காததில் வியப்பு என்ன?

பதவியை உதறினார்

அந்த நாளில் டோக்கியோவில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர்கள் வெளிநாட்டவர்கள். 1879-ல் கெஞ்சிரோ பேராசிரியர் ஆனார். ஜப்பானியரில் முதல் பௌதிகப் பேராசிரியர் அவரே. அணுவின் அமைப்பு பற்றி 1904-ல் புதுக் கருத்துச் சொன்ன நாகவோகா, அவரிடம் படித்தவர்.

1901-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். நம் ஊர்த் துணைவேந்தர் பதவி போன்றது அது. துரோகி ஊர்ப் பையனுக்கு, சக்கரவர்த்தியின் பல்கலைக்கழகத்தில் முதல் நாற்காலி!

அந்த நாற்காலி நிலைக்கவில்லை. 1905-ல் ரஷ்யாவுடன் நடந்த போர் முடியும் சமயம். தோமிசு என்ற சட்டப் பேராசிரியர் அரசாங்கத்தின் போக்கைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். கல்வி மந்திரி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். கெஞ்சிரோ பொறுப்பைத் தம் தலையில் போட்டுக்கொண்டு ராஜினாமா செய்தார். உடனே பேராசிரியர்கள் கொதித்து எழுந்தார்கள். நாங்களும் விலகுகிறோம் என்று கூட்டமாகக் கிளம்பினார்கள். கடைசியில் பதவி இழந்தவர் மந்திரி! தோமிசு மறு ஆண்டு வேலைக்குத் திரும்பினார். கெஞ்சிரோ மட்டும் உடனே திரும்பவில்லை.

1911-ல் புதிதாகத் தோன்றிய கியூஷு பல்கலைக்கழகம் அவரை முதல் தலைவராக்கியது. 1913-ல் டோக்கியோ மீண்டும் அழைத்தது. 1920 வரை அங்கே இருந்தார். நடுவில் சிறிது காலம் கியோட்டோ பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் கவனித்தார்.

இத்தனை வேலைக்கு நடுவிலும் ஐசுவை அவர் மறக்கவில்லை. அண்ணன் எழுதத் தொடங்கிய ஒரு வரலாற்று நூலை முடித்து 1911-ல் வெளியிட்டார். ஐசு பிரபுவைப் பாராட்டி அந்நாளைய சக்கரவர்த்தியே தம் கையால் எழுதிய கடிதம் அதில் இருந்தது. துரோகிக்கா சக்கரவர்த்தி அப்படி எழுதுவார்?

1928-ல் ஐசு பிரபுவின் பேத்தியைச் சக்கரவர்த்தியின் தம்பி மணந்தார். கோட்டை விழுந்து சரியாக 60 ஆண்டுகள். ஐசு மக்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கல்யாணத்தைப் பார்க்கக் கெஞ்சிரோ இருந்தார். அப்போது அவருக்கு 74 வயது. 1931 ஜூன் 26-ந் தேதி காலமானார்.