19 நாள், 60 நாள், 3 நாள்: நினோய் அகினோவின் கதை பிலிப்பைன்ஸ் சட்டத்தை எப்படி மாற்றியது?

நீங்கள் மணிலாவுக்கு விமானத்தில் போனால், இறங்கும் இடத்தின் பெயர் நினோய் அகினோ சர்வதேச விமான நிலையம். தலைவர்கள் பெயரை விமான நிலையத்துக்கு வைப்பது நமக்கொன்றும் புதுசு இல்லை. ஆனால் இங்கே விஷயம் வேறு. 1983 ஆகஸ்ட் 21 அன்று இதே விமான நிலையத்தில், ராணுவத்தினர் விமானத்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லும்போதே அவர் தலையில் சுடப்பட்டு இறந்தார்.

பெனிக்னோ 'நினோய்' அகினோ ஒருநாளும் அதிபராக இருந்ததில்லை. அவர் இறந்த பிறகு மனைவி கோரசோன் 1986-லும், மகன் மூன்றாம் பெனிக்னோ 2010-லும் அதிபர் ஆனார்கள். அவரைச் சிறையில் வைத்த ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மகன் 2022-ல் அதிபர் ஆனார். அந்த நாட்டு அரசியல் இன்னும் இந்த இரண்டு வீடுகளைச் சுற்றித்தான் ஓடுது என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

ஆனால் நாம் பார்க்கப்போவது குடும்பக் கதை இல்லை. நினோயைக் கைது செய்ய ஒரு பிரகடனம் இருந்தது. அடைத்து வைத்ததைச் சரி என்று சொல்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. மரண தண்டனை விதிக்க ஒரு தீர்ப்பாயம் இருந்தது. எல்லாம் காகிதத்தில் பக்காவாக இருந்தது. அப்படியென்றால் தப்பு எங்கே நடந்தது? இன்றைய பிலிப்பைன்ஸ் அரசியல் சாசனம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

பிறந்தநாளும் தேர்தல் நாளும்

நினோய் பிறந்தது 1932 நவம்பர் 27, டார்லாக் மாகாணத்தில். தாத்தா புரட்சிப் படையின் ஜெனரல், அப்பா அரசியல்வாதி. வசதியான நிலவுடைமைக் குடும்பம். 17 வயதில் ஒரு மணிலா நாளிதழுக்காகக் கொரியப் போர் செய்தியாளராகப் போனார். 1954-ல் ஆயுதம் ஏந்திப் போராடிக்கொண்டிருந்த விவசாயிகள் தலைவர் லூயிஸ் டாருக்கிடம் பேசி, அவர் சரணடைய வழி செய்தார். ஊருக்கே தெரிந்த முகமாகிவிட்டார்.

1955 நவம்பர் 8-ல் கான்செப்சியோன் நகர மேயர் தேர்தலில் ஜெயித்தார். மேயராவதற்குக் குறைந்தபட்ச வயது 23. தேர்தல் நாளில் அவருக்கு 23 ஆக இன்னும் 19 நாள் பாக்கி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1957-ல் பதவி போனது.

1967-ல் கிட்டத்தட்ட அதே காட்சி. செனட்டர் ஆக வயது 35. தேர்தல் நவம்பர் 14. அவருக்கு 35 ஆக 13 நாள் பாக்கி. வயது குறைவு என்று மறுபடியும் சர்ச்சை எழுந்தது. ஆனால் பதவியேற்கும் முன்பே 35 ஆகிவிட்டதால் இந்த முறை தப்பித்தார். இன்றைய அரசியல் சாசனத்தில் செனட்டர் தகுதியைப் படித்துப் பாருங்க: தேர்தல் நாளன்றே 35 நிறைந்திருக்க வேண்டும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கும்.

இது சின்ன விஷயம்தான். ஆனால் இனி வரப்போவதற்கு இது ஒரு முன்னோட்டம். சட்டத்தில் ஒரு வார்த்தை விடுபட்டால், அந்த இடைவெளியில் யாராவது நுழைவார்கள்.

1081 என்ற எண்

மார்கோஸ் 1965-ல் அதிபரானார், 1969-ல் மறுபடியும் ஜெயித்தார். அன்றைய 1935 சாசனப்படி தொடர்ந்து 8 ஆண்டுகளுக்கு மேல் அதிபராக இருக்க முடியாது. 1973 டிசம்பரோடு அவர் கிளம்ப வேண்டும். அடுத்த அதிபர் யார் என்ற பேச்சில் முன்னால் இருந்த பெயர் நினோய்.

1972 செப்டம்பர் 21 தேதியிட்ட 1081-ஆம் பிரகடனத்தின் மூலம் மார்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதை வெளியில் அறிவித்தது 23-ஆம் தேதி. அதற்குள் நள்ளிரவிலேயே மணிலா ஹில்டன் ஹோட்டலில் நினோய் கைது செய்யப்பட்டுவிட்டார்.

இதை எந்தச் சட்டப்படி செய்ய முடிந்தது? 1935 சாசனம், கலகமோ அதன் உடனடி ஆபத்தோ இருந்தால் அதிபர் ராணுவச் சட்டம் கொண்டுவரலாம் என்றது. எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நாடாளுமன்றம் அதை ரத்து செய்யலாமா என்றும் சொல்லவில்லை.

நினோய் தரப்பும் மற்ற கைதிகளும் சில நாட்களிலேயே ஆட்கொணர்வு மனு போட்டார்கள். தீர்ப்பு வந்தது 1974 செப்டம்பர் 17-ல், இரண்டு வருஷம் கழித்து. அவருடன் கைதான செனட்டர் ஹோசே டியோக்னோ, இந்த நிலையில் நீதி கிடைக்காது என்று தன் மனுவையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் தீர்ப்புக்குச் சில நாள் முன்னால் விடுதலையானார். நினோய்க்கு வந்த தீர்ப்பு: ராணுவச் சட்டம் செல்லும், காவலும் செல்லும்.

சாசனமே மாறினால்?

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. 1973 ஜனவரியில் புதிய சாசனம் ஒன்றுக்கு மக்கள் ஒப்புதல் கிடைத்துவிட்டதாக மார்கோஸ் அறிவித்தார். எப்படிக் கிடைத்தது? ரகசிய வாக்கெடுப்பு இல்லை. ஊர்க் கூட்டங்களில் கையைத் தூக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றத்தில் 10 நீதிபதிகள். அவர்களில் 6 பேர், முறைப்படி ஒப்புதல் நடக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் புதிய சாசனம் நடைமுறையில் இல்லை என்று அறிவிக்கப் போதுமான வாக்குகள் சேரவில்லை. அதனால் 1973 மார்ச் 31 தீர்ப்பு, நீதிமன்றத் தடை எதுவும் இல்லை என்ற முடிவோடு நின்றுவிட்டது. மார்கோஸுக்கு அது போதும். எதிர்த்த தலைமை நீதிபதி ரொபெர்டோ கான்செப்சியோன் அடுத்த மாதமே, ஓய்வுக் காலத்துக்கு முன்பே, பதவியை விட்டுப் போனார். இவர் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

யார் நீதிபதி?

கைதாகிக் கிட்டத்தட்ட 11 மாதம் கழித்து, 1973 ஆகஸ்டில்தான் நினோய் மீது கொலை, சட்டவிரோத ஆயுதம், அரசைக் கவிழ்க்கும் சதி என்று குற்றச்சாட்டுகள் வந்தன. விசாரித்தது ராணுவத் தீர்ப்பாயம். வழக்கமான நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன. ஆனாலும் ராணுவ உடையில் இல்லாத ஒருவரை ராணுவ அதிகாரிகள் விசாரித்தார்கள். அந்த அதிகாரிகளுக்கு மேலே கடைசியில் உட்கார்ந்திருந்தவர் மார்கோஸ்.

நினோய் அந்த விசாரணையில் பங்கெடுக்க மறுத்தார். 1975 ஏப்ரலில் தொடங்கி 40 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அது நடந்துகொண்டிருக்கும்போதே, மே 9-ல், ராணுவத் தீர்ப்பாயம் அவரை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாறுபட்டவர்களில் ஒருவர் நீதிபதி கிளாடியோ டீஹான்கீ. 1977 நவம்பரில் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றவில்லை. 1978-ல் சிறையில் இருந்தபடியே தேர்தலில் நின்றார். மணிலா பெருநகரின் 21 இடங்களில் ஒன்றைக்கூட அவர் அணி பெறவில்லை என்று அறிவித்தார்கள்.

1980-ல் மாரடைப்பு. மே மாதம் இதய அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா அனுப்பினார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் காவலில் இருந்தது 7 வருஷம் 7 மாதம்.

அந்த விமானம்

மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வர முடிவு செய்தார். மார்ஷியல் போனிஃபாசியோ என்ற பெயரில் ஒரு பாஸ்போர்ட். முதல் பாதி ராணுவச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து, இரண்டாவது பாதி அவரை அடைத்து வைத்த போனிஃபாசியோ ராணுவ முகாமிலிருந்து. தைபேயிலிருந்து மணிலா. தரையிறங்கிக் கொஞ்ச நேரத்தில் கொலை.

ரொலாண்டோ கால்மன் என்பவர்தான் சுட்டார் என்றது அரசு. அவரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். விசாரணைக் குழு இதை ஏற்கவில்லை, ராணுவத்தைக் கைகாட்டியது. தலைமைத் தளபதி ஃபேபியன் வெர் உட்பட 26 பேர் மீது வழக்கு வந்தது. 1985 டிசம்பர் 2-ல் அத்தனை பேரும் விடுதலை. அடுத்த நாளே கோரசோன் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். 1986 பிப்ரவரியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மார்கோஸ் நாட்டை விட்டு வெளியேறினார்.

இப்போ ஒரு சிக்கலான கேள்வி. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது. இது உலகம் முழுக்க இருக்கும் அடிப்படை விதி. விடுதலையானவர்களை மறுபடி எப்படிக் கூண்டில் ஏற்றுவது?

1986 செப்டம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. அதிபர் மாளிகைக்கு நீதிபதிகளை வரவழைத்து, முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அப்படி நடந்தது விசாரணையே இல்லை. நடக்காத விசாரணையை வைத்து இரண்டாவது தடவை என்று வாதாட முடியாது. தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட டீஹான்கீ. மறுவிசாரணையில், 1990-ல் 16 ராணுவத்தினருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொல்லச் சொன்னது யார் என்பதை எந்த நீதிமன்றமும் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

ஓட்டைகளை அடைத்த சாசனம்

1987 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்து ஏற்ற புதிய சாசனத்தின் 7-ஆம் பிரிவு, 18-ஆம் பத்தியை நினோயின் கோப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ராணுவச் சட்டத்துக்கு 60 நாள்தான் ஆயுசு, நீட்டிக்க நாடாளுமன்றம் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அதிபர் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். 'உடனடி ஆபத்து' காரணம் ஆகாது, உண்மையிலேயே படையெடுப்போ கலகமோ இருக்க வேண்டும். எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம், உச்ச நீதிமன்றம் 30 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும். நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் ராணுவத் தீர்ப்பாயம் பொதுமக்களை விசாரிக்க முடியாது. ஆட்கொணர்வு உரிமை நிறுத்தப்பட்ட காலத்தில் கைதானவர் மீது 3 நாளுக்குள் நீதிமன்றத்தில் குற்றம் சாட்ட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இதோடு, அரசின் எந்தக் கிளையும் அதிகாரத்தைக் கடுமையாகத் துஷ்பிரயோகம் செய்ததா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்றும் சேர்த்தார்கள். அதைச் சாசனக் குழுவில் முன்மொழிந்தவர், அதே ரொபெர்டோ கான்செப்சியோன். அதே 1987 மே மாதம், 1975 தீர்ப்பின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் கைவிட்டது. நினோய் இறந்து நாலு வருஷம் ஆகப்போகும் நேரத்தில்.

இந்தியாவில் நமக்கும் இது பழக்கமான கதை. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், காவலை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ரத்து செய்தது 2017-ல்.

இன்று இது எங்கே உதவுது?

2017 மே 23-ல் மராவி நகரச் சண்டையை வைத்து அதிபர் டுடெர்டே மின்டனாவோ தீவு முழுக்க ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். குடிமக்கள் வழக்குப் போட்டார்கள், ஜூலை 4-ல் தீர்ப்பு வந்தது. இரண்டு வருஷக் காத்திருப்பு இல்லை. ஆனால் நீதிமன்றம் அரசு பக்கமே நின்றது. நாடாளுமன்றம் மூன்று தடவை நீட்டித்தது. 60 நாள் என்று தொடங்கியது 2019 டிசம்பர் 31 வரை ஓடியது. காகிதத்தில் இருக்கும் எண்ணைக் காப்பாற்ற, அந்தந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவர்களும் வேண்டும்.

அடுத்த தடவை மணிலாவிலிருந்து ஒரு கைது, ஒரு பதவி நீக்கம், ஒரு அவசர ஆணை என்று செய்தி வந்தால், மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்க. எத்தனை நாளைக்கு? யார் சரிபார்ப்பார்கள்? விசாரிப்பது யார்? 1972 செப்டம்பரில் ஹில்டன் ஹோட்டலிலிருந்து கூட்டிப் போகப்பட்ட அந்த மனிதருக்கு, இந்த மூன்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது: மார்கோஸ்.