நீதிபதி பஞ்சாபகேச ஐயரும் இராயபுரத்துப் புதிரும்

புதிரை அவிழ்த்தல் ஒரு திறம். அவிழ்த்தபின் நடுநிலை பிறழாது தீர்ப்பளித்தல் பிறிதொரு திறம். முன்னையது கூரிய அறிவினால் வருவது. பின்னையதற்கு அறிவோடு நெஞ்சத்தின் செம்மையும் வேண்டும். மரியாதைராமன் கதைகளைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நாம், இவ்விரு திறங்களும் ஒன்றே என்று எண்ணிவிடுகின்றோம். அக்கதைகளில் கள்வன் இன்னான் எனத் தெரிந்த மாத்திரத்தில் நீதியும் நிறைவேறிவிடுகின்றது. உலக வாழ்க்கையோ அவ்வளவு எளிதன்று. இவ்வுண்மையை நம் மாணவ நண்பர் உணர்தற்கு ஏற்ற வரலாறு ஒன்றுண்டு. அது சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் வீற்றிருந்தவரும், ஆங்கிலத்தில் கதைகளும் நாடகங்களும் இயற்றியவருமாகிய ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயரின் வரலாறாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஐயர் 1899 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிறந்தவர். பாலக்காட்டுப் பகுதியைச் சார்ந்த அயிலம் என்னும் சிற்றூரின் பெயர் அவர்தம் பெயரின் முதலெழுத்தாய் நிலைத்து நிற்கின்றது. இளமையிலேயே கல்வியில் மேம்பட்டு விளங்கிய அவர், கடல் கடந்து சென்று ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்விலும் வெற்றி பெற்றார். அந்நாளில் அப்பதவி இந்திய இளைஞர்க்குக் கிட்டுதற்கு அரியதாய் இருந்தது.

அக்காலத்தே மேல்நாட்டு மக்களின் ஓய்வு நேரத்தைக் கவர்ந்த இரண்டு இன்பங்கள் உண்டு. ஒன்று, துப்பறியும் கதை. மற்றொன்று, குறுக்கெழுத்துப் புதிர். ஆர்தர் வின் என்பார் 1913 ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்குச் செய்தித்தாள் ஒன்றில் முதற் புதிரை வெளியிட்டார். பத்தே ஆண்டுகளில் அது பெருமோகமாகப் பரவிற்று. ஏளனம் செய்து நின்ற இலண்டன் டைம்ஸ் பத்திரிகையும் 1930 இல் அதற்கு இடந்தந்தது. அமைதியான சிற்றூர், அதில் ஒரு கொலை, இறுதியில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிடும் மகிழ்ச்சி. இவற்றையே அக்காலத்துக் கதை நூல்கள் விரும்பித் தந்தன. கொலையுண்டவன் அக்கதைகளில் ஒரு கட்டத்தை நிரப்பும் எழுத்தேயன்றி வேறல்லன். அவனுக்காக அழுவார் ஒருவரையும் அந்நூல்களில் காண்டல் அரிது.

ஐயர் எழுதிய கொலைக் கதை இவ்வகையினதன்று. 1926 இல் வெளியான அவரது நாடகம், தென்னாட்டுக் கிராமம் ஒன்றில் பில்லிசூனிய நம்பிக்கையால் விளையும் நரபலியைப் பொருளாகக் கொண்டது. அறியாமையென்னும் பேயே உண்மைக் குற்றவாளி என்று காட்டுவது அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1942 இல், மனித குலத்தைக் கொன்ற குற்றத்திற்காக விஞ்ஞானத்தையே கூண்டில் ஏற்றி விசாரிப்பதாக மற்றுமொரு நாடகம் வரைந்தார். மேற்கு ஐரோப்பியப் பயண நூலும், அலெக்சாந்தர், சந்திரகுப்தன், சாணக்கியன் ஆகியோரைப் பற்றிய வரலாற்றுக் கதையும், பஞ்சதந்திரக் கதைகளும் அவர் எழுதுகோலினின்று பிறந்தன. இலண்டனில் உள்ள அரச இலக்கியக் கழகம் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றுச் சிறப்பித்தது. பகலில் வழக்குகளைக் கேட்டும், எஞ்சிய பொழுதில் நல்லோர் உய்வதும் தீயோர் வீழ்வதுமாகிய கதைகளை வரைந்தும் வாழ்ந்தவர் அவர். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

சென்னை மாகாணத்தின் மாவட்டங்களில் பல்லாண்டு நீதிபதியாய்ப் பணியாற்றிய ஐயர், 1948 இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அந்நாளில் சென்னை நகரத்துக் கொலை வழக்குகள் உயர் நீதிமன்றத்திலேயே நேரே விசாரிக்கப்பெற்றன. ஒன்பது ஜூரர் அமர்ந்து சாட்சியம் கேட்பர். நடந்தது யாது என்பதை முடிவு செய்வது அவர்தம் கடமை. சட்டத்தை எடுத்துரைத்து, சாட்சியங்களைத் தொகுத்துக் கூறி, தண்டனையை அளவிடுவது நீதிபதியின் கடமை. அத்தகைய வழக்குகளுள் ஒன்றுதான் ஐயர் பெயரை நகரமெங்கும் பேசச் செய்தது. அதன் களம் இராயபுரம்.

இராயபுரத்தை நம் வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1856 ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் பயணி வண்டி வாலாசா நோக்கிப் புறப்பட்டது இங்கிருந்தே. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற துறைமுகத்தின் கற்சுவர்கள், தெற்கினின்று வடக்கு நோக்கிக் கடல் நீரோட்டம் கொணரும் மணலைத் தடுத்தன. அதனால் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. பண்டகசாலைகளும் பட்டறைகளும் மீனவர் குப்பங்களும் செறிந்த இப்பகுதி பெருநகரின் ஒரு கூறாயினும், தெருவளவில் அது ஒரு சிற்றூரே. அண்டை வீட்டிற்கு வந்து போவார் யாவர் என்பதை அடுத்த வீட்டார் அறியாதிருப்பதில்லை.

1952 ஆம் ஆண்டு ஆகத்து 28 ஆம் நாள், ஆளவந்தார் என்னும் வணிகர் வீடு திரும்பவில்லை. அவர் முன்னர் இராணுவத்தில் பணியாற்றியவர். சீனக்கடைத் தெருவில் பேனாக் கடையொன்றின் முன்புறத்தில் பிளாஸ்டிக் பொருள்கள் விற்று வந்தவர். மனைவி காவல் நிலையத்தில் முறையிட்டார். மறுநாள், எழும்பூரினின்று தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட் மெயில் வண்டியின் மூன்றாம் வகுப்பில், இருக்கையின்கீழ்க் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து தீநாற்றம் எழுந்தது. மானாமதுரையில் பெட்டியைத் திறந்தோர் தலையற்ற ஆணுடல் ஒன்றைக் கண்டு நடுங்கினர். இறந்தவர் இளைஞர் என முதலில் மதிக்கப்பெற்றமையால், சென்னையில் காணாமற்போன நடுவயதினர் மீது எவர் கருத்தும் செல்லவில்லை. சில நாள்களுக்குப் பின்னர் இராயபுரம் கடற்கரையில் துணியில் சுற்றிய தலையொன்று கிடைத்தது. மறைக்கப்பட்டதனை அலை வெளிக்கொணர்ந்துவிட்டது.

குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலமாக ஒரு சொல்லும், மேலிருந்து கீழாக ஒரு சொல்லும் ஏதோ ஒரு கட்டத்தில் சந்தித்தாலன்றி இரண்டும் உறுதிப்படா. இருப்புப்பாதை தந்த உடலும் கடல் தந்த தலையும் அவ்வாறு சந்திக்க வேண்டியிருந்தது. அவற்றைச் சந்திக்கச் செய்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன். இரண்டும் ஒருவருடையனவே என்றும், அவர் இளைஞரல்லர், நாற்பதைக் கடந்தவர் என்றும் அவர் ஆய்ந்து தெளிந்தார். காதில் இருந்த துளைகளும் பல்லின் அமைப்பும் இன்னார் என்பதைக் காட்டின. இராணுவத்தார் முன்னரே பதிவு செய்து வைத்திருந்த கைரேகைகள் உடலின் கைரேகைகளோடு ஒத்தன.

இத்தகைய ஆய்வு உலகிற்குப் புதியதன்று. 1935 இல் இங்கிலாந்தில் வாழ்ந்த ரக்ஸ்டன் என்னும் பம்பாய் மருத்துவர் தம் மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்று, உடல்களைத் துண்டாக்கி ஸ்காத்துலாந்துப் பள்ளத்தில் எறிந்தார். கிளெய்ஸ்தர், பிராஷ் என்னும் பேராசிரியர் இருவர் துண்டுகளைப் பொருத்தி, மண்டையோட்டின் நிழற்படத்தை உயிரோடிருந்தபோது எடுத்த படத்தின்மேல் வைத்து ஒப்பிட்டு, இறந்தவர் இன்னார் என நிறுவினர். கைரேகைத் துறைக்கோ நம் நாடே தாயகம். உலகின் முதற் கைரேகை நிலையம் 1897 இல் கல்கத்தாவில் அமைந்தது.

புதிர் அவிழ்ந்தது. இராயபுரம் கல்லறைச் சாலையில் வாழ்ந்த கணவனும் மனைவியும் பம்பாயில் கைது செய்யப்பெற்றனர். அப்பெண்ணுக்கும் ஆளவந்தாருக்கும் திருமணத்திற்கு முன் பழக்கம் இருந்ததென்பதும், மணமானபின்னும் அவர் அவளை விடாது தொல்லைப்படுத்தினார் என்பதும் விசாரணையில் பேசப்பட்டன. துப்பறியும் கதையாயின் இவ்விடத்தே முற்றும் என்று எழுதி ஏட்டை மூடிவிடலாம். ஐயரின் பணியோ இவ்விடத்தேதான் தொடங்கிற்று.

1953 இல் வழக்கு அவர்முன் வந்தது. நீதிமன்றத்தின் உள்ளும் புறமும் மக்கள் நெருங்கினர். கொலை நடந்ததா என்பதன்று வினா. அது எவ்வகைக் கொலை என்பதே வினா. திட்டமிட்டு வரவழைத்துக் கொன்றனர் எனின், அது தண்டனைச் சட்டம் 302 ஆம் பிரிவில் அடங்கும். அந்நாளைய நடைமுறைச் சட்டப்படி கொலைக்குத் தூக்கே இயல்பான தண்டனை. அதனைக் குறைப்பதாயின் நீதிபதி காரணம் எழுதியாதல் வேண்டும். அவ்விதி 1955 இல்தான் நீக்கப்பெற்றது. திடீரென மூண்ட சினத்தால் நிகழ்ந்ததெனின், அது 304 ஆம் பிரிவில் கொலையாகாத மரணம் விளைத்தலாய் முடியும். இரு பிரிவுகளுக்கும் இடையே தொங்கியது இரண்டு உயிர். ஐயர் இறந்தவரின் ஒழுக்கத்தை மிகக் கடுமையாய்க் கருதினார். குற்றஞ்சாட்டப்பெற்ற பெண்ணின் நிலைக்கு இரங்கினார். முடிவில் கணவனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றது. தூக்குமேடை தவிர்க்கப்பட்டது.

இத்தீர்ப்பைப் பற்றி அன்றே இருவேறு கருத்து நிலவியது. யாம் எம் கருத்தையும் மறையாது உரைப்போம். இரக்கம் நீதிக்குப் பகையன்று. அச்சத்தாலும் அவமானத்தாலும் நெருக்குண்ட இளம் பெண்ணொருத்தியைத் தூக்குக்கு அனுப்பாத நெஞ்சம் போற்றத்தக்கதே. ஆயினும் இறந்தவர் கூண்டில் ஏறித் தம் பக்கத்தை உரைக்க இயலாதவர். அவர் தீயவரேயாயினும், அவர் தீமை அவர் உயிரின் விலையைக் குறைத்துவிடும் என்னும் எண்ணம் நீதிமன்றத்தில் நுழையுமாயின், நாளை எவர் உயிரும் நற்சான்றிதழைப் பொறுத்ததாய்விடும். தீயோன் மடிந்தான் என்று முடிதல் பஞ்சதந்திரக் கதைக்கு அழகு. வழக்கிற்கு அஃது அழகாகாது. கதாசிரியராகிய ஐயர் நீதிபதியாகிய ஐயரை இவ்விடத்தே சற்று மிகுதியாகத் தம்பால் ஈர்த்துவிட்டாரோ என்று யாம் ஐயுறுகின்றோம்.

மற்றொன்றும் உண்டு. அவ்வழக்கில் துன்புற்ற பெண் ஒருத்தி அல்லள். கணவரைக் காணாது காவல் நிலையத்தின் படியேறியவளும் ஒரு பெண்ணே. கணவர் தனக்குச் செய்த வஞ்சனையை நீதிமன்றத்தின் வாயிலாக ஊரார் அனைவரோடும் சேர்ந்து அறிய நேர்ந்தது அவளுக்கு. இரக்கம் பாயுமிடத்து அவள் வீட்டு வாயிலையும் ஒருகால் எட்டிப் பார்த்தல் வேண்டும். எனினும் இதனால் ஐயரைச் சிறியர் என்று யாம் கூறோம். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட அரசுப் பணியில் இருந்தும் கல்மனம் எய்தாதவர் அவர். குற்றவாளியையும் மனிதராகக் காணும் கண் அவருக்கு இருந்தது. அக்கண் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தது என்பதே எம் கருத்து.

ஐயர் 1959 இல் ஓய்வு பெற்றார். தம் அரசுப் பணியின் நினைவுகளை நூலாக எழுதி 1962 இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டில் இவ்வுலகை நீத்தார். அவர் கண்ட உலகின் அடையாளங்களும் ஒவ்வொன்றாய் மறைந்தன. போட் மெயில் சென்ற தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கடலில் ஆழ்த்தியது. ஜூரர் முறைக்கு 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லாது போயிற்று. இராயபுரத்துக் கரையைக் காக்கக் கருங்கற்கள் குவிக்கப்பட்டன. வழக்கு மட்டும் கதையாகவும் கட்டுரையாகவும் மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றது; எழுதுவோரில் பலர் பெட்டியைத் திறந்து காட்டுவதோடு அமைகின்றனர்.

மாணவ நண்பர்காள்! உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞராவீர், சிலர் மருத்துவராவீர், சிலர் காவல் துறையில் புகுவீர். பேராசிரியர் கோபாலகிருஷ்ணனைப் போல், முதலில் எழுதிய விடை தவறெனக் கண்டால் அதனை அழித்துச் சரியானதை எழுதும் துணிவு உங்கட்கு உண்டாகுக. ஐயரைப் போல், குற்றவாளியின் முகத்தையும் நோக்கும் கனிவு உண்டாகுக. அவற்றோடு, வாய் பேச இயலாத இறந்தோரின் பொருட்டும் ஒரு சொல் உரைக்கும் நடுவுநிலைமையும் உண்டாகுக. கட்டங்கள் யாவும் நிரம்பியபின்னரும், நிரப்பிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்து உயிரோடு உலவிய மக்கள் என்பதை மறவாதவரே மெய்யான நீதிமான் ஆவர்.