காணாமற் போனாரைத் தேடிய கிளாரா அம்மையார்

இறந்தாரை நினைந்து அழுதல் மக்கட்கு இயல்பு. மகன் இறந்தான் என்னும் செய்தி கேட்ட தாய் அழுவாள். அழுதழுது ஒருநாள் ஓய்வாள். ஆனால், மகன் உளனோ இலனோ என அறியமாட்டாத தாய் யாது செய்வாள்? அவளால் அழவும் இயலாது, ஆறியிருக்கவும் இயலாது. வாயிலிற் காலடி ஓசை கேட்குந்தோறும் எழுந்து நோக்குவாள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர் முடிவுற்ற காலத்தில் இந்நிலையில் இருந்த தாயரும் மனைவியரும் எண்ணிறந்தோர். அவர்கட்கு விடை தேடித் தருதலை, ஒருவரும் ஏவாமல், தம் கடமையாக மேற்கொண்டவர் கிளாரா பார்ட்டன் அம்மையார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் என்றே பலரும் இவரை அறிவர். அதற்கு முன்னர் இவர் ஆற்றிய இப்பணியே அதனினும் பெரிது என்பது என் கருத்து. ஆதலின் அதனையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன்.

அம்மையார் 1821-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வட ஆக்ஸ்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் இவரே கடைக்குட்டி. பிறரோடு பேசவும் அஞ்சும் நாணமுடைய சிறுமியாக வளர்ந்தார். இவருக்குப் பதினொரு வயது நடக்கையில் தமையன் டேவிட் களஞ்சியக் கட்டடத்தின் உச்சியிலிருந்து வீழ்ந்து நோயுற்றான். அவன் படுக்கையருகே ஏறக்குறைய இரண்டாண்டுகள் இச்சிறுமி இருந்து பணிவிடை செய்தாள். நோயாளிக்கு மருந்தினும் அருகிருப்பாரே வேண்டும் என்பதை அவர் அப்பொழுதே கற்றிருத்தல் வேண்டும்.

பின்னர்ப் பள்ளி ஆசிரியையானார். நியூ ஜெர்சியில் பார்டன்டவுன் நகரில் கட்டணமின்றிப் பயிலும் பள்ளியொன்றை 1852-இல் தொடங்கி, ஒரு சிலரே இருந்த வகுப்பைச் சில நூறு பிள்ளைகள் பயிலும் பள்ளியாக்கினார். பள்ளி பெருகியதும் ஊரார் ஓர் ஆடவரை மிக்க ஊதியத்துடன் தலைமையாசிரியராக அமர்த்தினர்! அம்மையார் அப்பதவியை உதறிவிட்டு வாஷிங்டன் சென்று, அரசாங்கத்தின் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தரானார். அங்கும் பெண் என்னும் காரணத்தால் இவர் பட்ட இன்னல் பல; அவற்றை விரிப்பிற் பெருகும்.

1861 ஏப்ரலில், பால்டிமோர் நகரிற் கூட்டத்தினரால் தாக்கப்பட்ட மாசச்சூசெட்ஸ் படையினர் குருதி தோய்ந்த உடையுடன் வாஷிங்டன் வந்திறங்கினர். அவர்களுட் சிலர் அம்மையாரின் பழைய மாணாக்கர். உணவும் துணியும் சேர்த்து அவர்கட்கு அளித்த அன்று தொடங்கிய தொண்டு, மறுஆண்டு அவரைப் போர்க்களத்திற்கே அழைத்துச் சென்றது. 1862 செப்டம்பர் 17-ஆம் நாள் ஆன்டீட்டம் களத்தில் காயமுற்ற ஒருவனைத் தாங்கி நீர் ஊட்டுகையில், குண்டொன்று அவர் கைச்சட்டையைத் துளைத்துச் சென்று, தாங்கிய கையிலேயே அவ்வீரனைக் கொன்றது. அம்மையார் அத்துளையைத் தைக்கவே இல்லையாம்.

போர் முடியுங் காலத்தில் வேறொரு துன்பம் தலைகாட்டிற்று. அக்காலத்துப் போர்வீரர்க்கு அரசு வழங்கிய அடையாள வில்லை கிடையாது. பெருஞ்சமருக்கு முன்னாள் சிலர் தம் பெயரைத் தாளில் எழுதிச் சட்டையிற் குத்திக்கொண்டனர். ஏனையோர் அதுவுமின்றி வீழ்ந்தனர். வடபகுதிப் படையில் இறந்தார்க்குரிய கல்லறைகளில் ஏறக்குறையப் பாதி பெயரற்றவை. போர்க்களத்தில் அம்மையார் பணியாற்றியதை அறிந்த குடும்பத்தினர், தம் மைந்தரைக் கண்டதுண்டோ என வினவி அவருக்குக் கடிதங்கள் எழுதலாயினர். அரசாங்கத்தில் அவற்றிற்கு விடையிறுப்பார் ஒருவரும் இலர். அம்மையார் குடியரசுத் தலைவர் லிங்கனை அணுகினார். 1865 மார்ச்சில் லிங்கன் ஒப்புதல் அளித்தார். அதே திங்களில் அம்மையாரின் தமையன் ஸ்டீபன் இறந்தார். அடுத்த திங்களில் லிங்கனே கொலையுண்டார். தம் துயர் ஆறுமுன்னரே பிறர் துயர்க் கடிதங்களைப் பிரித்துப் படிக்க அமர்ந்தார் அம்மையார்.

வாஷிங்டன் நகரில் ஏழாந் தெருவிலுள்ள ஒரு கட்டடத்தின் மூன்றாம் அடுக்கில் அவர் குடியிருந்த அறைகளே அலுவலகமாயின. எழுத்தர் சிலரை வைத்துக்கொண்டார். அவர்க்கு ஊதியமும் அஞ்சற் செலவும் தம் கைப்பொருளினின்றே கொடுத்தார். பெரும்பொருள் செலவிட்ட பின்னரே, 1866-இல், காங்கிரசு அவை 15,000 டாலர் அளித்தது.

அவர் கையாண்ட முறை மிக எளியது. கடிதங்களிற் கண்ட பெயர்களை மாநிலம் மாநிலமாகப் பகுத்துப் பட்டியல் ஆக்கினார். லிங்கனுக்குப் பின் தலைமையேற்ற ஆண்ட்ரூ ஜான்சனின் இசைவால் அப்பட்டியல்கள் அரசாங்க அச்சகத்தில் அச்சாகி, ஊர்தோறும் அஞ்சல் நிலையங்களில் ஒட்டப்பெற்றன. இப்பெயருடையாரைக் கண்டோர், அவர் முடிவை அறிந்தோர், எழுதுக என்பதே வேண்டுகோள். வீடு திரும்பிய வீரர் அப்பெயர்களைப் படித்துத் தம் தோழர் எங்கே எவ்வாறு மாண்டனர் என எழுதினர். தாயின் கடிதத்தையும் தோழனின் கடிதத்தையும் இணைத்து, உறுதி கண்ட பின்னரே, அம்மையார் விடை எழுதுவார். அலுவலகம் மூடப்பெற்ற காலத்து அவர் காட்டிய கணக்கின்படி, வந்த கடிதங்கள் 63,182. முடிவு அறியப்பெற்ற வீரர் ஏறக்குறைய 22,000 பேர். பெரும்பாலான விடைகள் இறப்புச் செய்தியே. எனினும் அவற்றைப் பெற்றோர் நன்றி கூறி எழுதினர். வெற்றிரக்கம் ஒருபால் இருக்க, உண்மையை அறிவிக்கும் இரக்கம் எத்துணை உயர்ந்தது!

உயிருடன் மறைந்திருந்தாரும் சிலர் இருந்தனர். பட்டியலில் தன் பெயர் கண்ட ஒருவன், தன்னை ஊரறிய இழிவு செய்ததாகவும், தான் விரும்பும்போது வீட்டிற்கு எழுதிக்கொள்வதாகவும் சினந்து எழுதினான். அம்மையார் விடையில் இரக்கம் காட்டவில்லை. அவன் தங்களை நினைத்ததினும் மிகுதியாக அவனை நினைத்ததே அவன் குடும்பத்தார் செய்த குற்றம் என்றும், வழிபார்த்திருந்தே தாய் இறந்தாள் என்றும், அவளது இறுதி வேண்டுகோளின்படி உடன்பிறந்தாளே அவனைத் தேடினாள் என்றும் எழுதினார். ஆறுதல் கூறுவார் எப்பொழுதும் மென்மொழியே கூறுவர் என நினைப்பார்க்கு இது வியப்பாகலாம். எனக்கு அம்மையாரை மிகவும் அணுக்கமாகக் காட்டுவது இக்கடிதமே.

இனி, இவ்வரலாற்றுள் வரும் இளைஞன் ஒருவனைப் பற்றியும் கூறுதல் வேண்டும். ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் என்னுமிடத்தில் தென்பகுதியார் 1864-இல் ஒரு சிறைமுகாம் அமைத்தனர். நிழலில்லை; தூய நீரில்லை; போதிய உணவில்லை. ஏறக்குறைய 45,000 வீரர் அடைபட்ட அம்முகாமிற் பதினான்கு திங்களுள் இறந்தோர் ஏறக்குறைய 13,000 பேர். அந்தோ! பிணங்கள் நீண்ட குழிகளில் அடுத்தடுத்து இடப்பெற்று, தலைமாட்டில் எண்ணிட்ட குச்சி மட்டும் நடப்பெற்றது. எந்த எண் எவனுடையது என்பதைக் குறிக்கும் பதிவேட்டை எழுதும் வேலை டாரன்ஸ் அட்வாட்டர் என்னும் சிறையாளனுக்கு வாய்த்தது. அவன் கனெக்டிகட் மாநிலத்தான். நம்மிற் பலரைப் போலப் பத்தொன்பது வயதினன். அப்பதிவேடு என்றாவது மறைக்கப்படலாம் என ஐயுற்று, ஒவ்வொரு பெயரையும் மறைவாகப் படியெடுத்து, விடுதலையான நாளில் தன் சட்டையின் உள்ளே ஒளித்துக் கொணர்ந்தான். அகப்பட்டிருந்தால் அவன் நிலை யாதாயிருக்கும்!

அம்மையாரின் பட்டியலைக் கண்ட அட்வாட்டர் அவருக்கு எழுதினான். 1865 சூலையில் படைத்தலைவர் ஜேம்ஸ் மூர் என்பாரின் கீழ் வேலையாட்கள் பலகைகளுடன் ஆண்டர்சன்வில் சென்றனர். அம்மையாரும் அவ்விளைஞனும் உடன் சென்றனர். கோடைவெயிலும் காய்ச்சலும் வருத்த, எண்ணையும் பெயரையும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு குழிக்கும் பெயர் எழுதிய பலகை நட்டனர். ஏறக்குறைய 460 பேர் நீங்கலாக ஏனையோர்க்கெல்லாம் பெயர் கிடைத்தது. ஆகஸ்டு 17-ஆம் நாள் அக்கல்லறைத் தோட்டத்தில் நாட்டுக் கொடியை அம்மையார் ஏற்றினார். தொல்காப்பியத்துப் புறத்திணையியலில் நடுகல் பற்றிக் கற்போர், வீழ்ந்தவன் பெயரைப் பொறித்து நிறுத்துதலை நம் முன்னோர் ஏன் அத்துணைச் சடங்குகளுடன் செய்தனர் என்பதை இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம்.

அட்வாட்டர் பெற்ற பரிசு யாது? தன் பட்டியலைத் தானே எடுத்து வைத்துக்கொண்டான் என்று படை மன்றம் அவனைத் திருடன் எனத் தீர்ப்பளித்துச் சிறையிட்டது! சிலகாலங் கழித்தே விடுதலை கிட்டியது. அம்மையார் அவனைக் கைவிடாது அவன் பொருட்டு வாதாடினார். 1866-இல் அப்பட்டியல் நியூயார்க் டிரிபியூன் இதழாரால் அச்சிடப்பெற்று, வேண்டுவார் கைக்கெல்லாம் எட்டிற்று.

பின்னைய வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். உடல் நலங் குன்றி 1869-இல் ஐரோப்பா சென்ற அம்மையார் அங்கே செஞ்சிலுவை இயக்கத்தை அறிந்தார்; 1881-இல் அமெரிக்கச் சங்கத்தை நிறுவி, இருபத்துமூன்று ஆண்டுகள் தலைமை தாங்கினார். 1889-இல் ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் 2,200-க்கு மேற்பட்டோர் மாண்டபொழுது, அறுபத்தேழு வயதினராகிய அவர் தொண்டருடன் சென்று ஐந்து திங்கள் அங்கேயே தங்கினார். ஆனால் அதிகாரத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளார், பணக்கணக்கை ஒழுங்குறக் காட்டார் எனச் சங்கத்தாருட் சிலர் குறை கூறினர். அக்குறை முற்றும் பொய்யெனல் ஆகாது. ஒரு சிலரை வைத்து ஓர் அறையில் நடத்திய பணிக்கு ஏற்ற இயல்பு, நாடளாவிய சங்கத்திற்கு ஏலாதாயிற்று. 1904-இல் தலைமையினின்று விலகினார். 1912 ஏப்ரல் 12-ஆம் நாள், தொண்ணூறு வயதில், மேரிலாந்திலுள்ள கிளென் எக்கோ என்னுமிடத்தில் இறந்தார்.

ஏழாந் தெரு அறைகளை உலகம் மறந்துவிட்டது. 1996-இல் இடிப்பதற்கென இருந்த அக்கட்டடத்தைப் பார்வையிடச் சென்ற அரசு ஊழியர் ஒருவர், மேற்கூரையின் அடியிற் பழந்தாள்களையும் துணிகளையும் கண்டெடுத்தார். அவற்றோடு ஒரு தகரப் பலகையும் கிடைத்தது. காணாமற் போன வீரர்க்குரிய அலுவலகம், மூன்றாம் அடுக்கு, ஒன்பதாம் அறை என்னும் குறிப்பும் அம்மையார் பெயரும் அதில் எழுதப்பட்டிருந்தன. கட்டடம் இடிபடாது தப்பியது; 2015-இல் அவ்வறைகள் காட்சிசாலையாகத் திறக்கப்பெற்றன. அக்காலத்துத் தாயரும் மனைவியரும் விடை நாடி ஏறிச்சென்ற படிகளில் இன்று காண்போர் ஏறிச் செல்கின்றனர்.